பட்டைக்கு அடியில் ஆயிரம் புண்: கறுப்பு வால்நட் மரங்கள் பட்டுப்போனது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது போல்டர் நகரம். அங்கே வீட்டு முற்றங்களிலும் தெருவோரங்களிலும் நின்ற கறுப்பு வால்நட் மரங்கள் 2003, 2004 வாக்கில் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகத் தொடங்கின. முதல் கோடையில் உச்சிக் கிளை ஒன்றில் மட்டும் இலை மஞ்சளாகும். மறு கோடையில் அந்தக் கிளை காய்ந்து நிற்க, அதற்குக் கீழுள்ள கிளைகளில் மஞ்சள் இறங்கியிருக்கும். அதற்கடுத்த கோடையில் மரமே விறகாகியிருக்கும். சில ஆண்டுகளுக்குள் அந்நகரத்துக் கறுப்பு வால்நட் மரங்களில் பாதிக்கும் மேல் போய்விட்டன.

வறட்சிதான் காரணம் என்றார்கள். 2002இல் கொலராடோவைக் கடும் வறட்சி வாட்டியிருந்தது. மழை அதிகம் பெய்யும் கிழக்குப் பகுதியில் பிறந்த மரத்தை வறண்ட மேற்கில் நட்டால் இப்படித்தான் ஆகும் என்பது கேட்பதற்குச் சரியாகவே பட்டது. பட்ட கிளைகளில் எள்ளைவிடச் சிறிய வண்டுகள் தென்பட்டதும் உண்மை. ஆனால் அவை சாகும் மரத்தைத் தேடி வருபவை, சாகடிப்பவை அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். சரியான விடை கிடைத்தது 2008இல்தான்.

இதற்கு முன்பே இதே காட்சி வேறு இடங்களிலும் நடந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் யூட்டா மாநிலத்தில், 2001இல் நியூ மெக்சிகோவின் எஸ்பன்யோலா பள்ளத்தாக்கில். ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த ஊரின் வெயிலையும் மண்ணையும் குறை சொன்னார்கள். நம்பும்படியான ஒரு காரணம் கைக்குக் கிடைத்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான். வறட்சிக்கு ஒரே இனத்தைப் பொறுக்கி எடுத்துக் கொல்லும் வழக்கம் கிடையாது. ஒரு தெருவில் ஒரே சாதி மரம் மட்டும் அடுத்தடுத்துச் சாகிறது என்றால், சந்தேகம் முதலில் நோயின் மீதும் பூச்சியின் மீதும் போக வேண்டும்.

மரமும் வண்டும்

நம்மூர்க் கடைகளில் வால்நட் என்றும் அக்ரூட் என்றும் வாங்குவது பாரசீக வால்நட். காஷ்மீரிலும் கலிபோர்னியாவிலும் பருப்புக்காக வளர்ப்பது அதைத்தான். கறுப்பு வால்நட் அதன் பங்காளி, அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்குச் சொந்தமானது. ஓடு சம்மட்டிக்கும் எளிதில் மசியாது. அதன் பெருமையெல்லாம் வைரத்தில், அதாவது மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான கட்டையில் இருக்கிறது. காப்பிக்கொட்டை நிறத்தில் வைரம் பாய்ந்த அந்தக் கட்டையிலிருந்து மேசை, அலமாரி, துப்பாக்கிக் கட்டை, மெல்லிய ஒட்டுப்பலகை எல்லாம் செய்கிறார்கள். ஜக்லோன் என்ற வேதிப்பொருளை இந்த மரம் மண்ணில் சேர்ப்பதால் அதன் நிழலில் தக்காளிச் செடி பிழைக்காது. மேற்கே குடியேறியவர்கள் இந்த மரத்தையும் கூடவே கொண்டுபோய் நட்டார்கள். அங்கேதான் அது வண்டின் வழிக்கு வந்தது.

அந்த வண்டின் பெயர் பிட்யோப்தோரஸ் ஜக்லாண்டிஸ். வால்நட் மிலாறு வண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்; மிலாறு என்றால் சிறு கிளை. அரிசோனா, நியூ மெக்சிகோ, மெக்சிகோவின் சிவாவா பகுதிகளில் இயற்கையாக வளரும் அரிசோனா வால்நட்டில் காலங்காலமாக வாழ்ந்து வந்த பூச்சி அது. 1928இல் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. நலிந்த கிளை, நிழலில் ஒடுங்கிய கிளை ஆகியவற்றில் அது துளையிடும். மரமோ ஒரு பெரிய தொந்தரவும் இல்லாமல் நிற்கும். அதனால்தான் எண்பது ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் அறிஞர் நெட் டிசெராட்டும் பூச்சியியல் அறிஞர் விட்னி கிரான்ஷாவும் இந்த மரணங்களை ஆராய்ந்தார்கள். பட்ட கிளையின் வெளிப்பட்டையைச் சீவியபோது, வண்டு குடைந்த ஒவ்வொரு சுரங்கத்தைச் சுற்றியும் கருத்து அழுகிய ஒரு திட்டு இருந்தது. அந்தத் திட்டுகளிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தபோது திரும்பத் திரும்ப ஒரே பூஞ்சை வந்தது. அது ஜியோஸ்மித்தியா பேரினத்தைச் சேர்ந்தது. பட்டை வண்டுகளோடு சும்மா ஒட்டிக்கொண்டு திரியும் தீங்கற்ற பூஞ்சைகள் என்றுதான் அந்தப் பேரினம் அதுவரை அறியப்பட்டிருந்தது. புதிய இனத்துக்கு 2011இல் ஜியோஸ்மித்தியா மார்பிடா என்று முறையாகப் பெயரிட்டார்கள். நோய்க்குக் கிடைத்த பெயர் ‘ஆயிரம் புண் நோய்’. உண்மையில் ஆயிரம் என்பதே குறைவு.

சிறு புண்கள் சேர்ந்து பெரிய மரத்தை வீழ்த்தும் விதம்

ஆண் வண்டு முதலில் வந்து பட்டையில் துளையிட்டு ஓர் அறை அமைக்கிறது. அது வெளியிடும் மணம் ஆண்களையும் பெண்களையும் அதே கிளைக்கு அழைக்கிறது. பெண் வண்டுகள் கிளையின் நாருக்குக் குறுக்காகச் சுரங்கம் தோண்டி முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் நாரின் போக்கிலேயே நீளவாக்கில் தின்றுகொண்டு போகின்றன. வண்டின் உடலில் ஒட்டி வந்த பூஞ்சை வித்துகள் அந்தச் சுரங்கங்களில் முளைத்து உள்பட்டையைக் கொல்கின்றன.

மரத்தின் இலை சமைக்கும் உணவு கீழே இறங்குவது உள்பட்டை வழியாகத்தான். பூஞ்சைக்கோ வேகம் குறைவு; தான் இறங்கிய சுரங்கத்தை விட்டு அதிக தூரம் பரவும் வலிமை அதற்கில்லை. ஒற்றைப் புண் ஒரு மரத்தை எதுவும் செய்துவிட முடியாது. ஆனால் ஒரு கிளையில் நூறு வண்டு இறங்கினால் நூறு புண். அவை வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது கிளையைச் சுற்றி ஒரு வளையம் இறந்துபோகிறது. உணவு கீழே இறங்க வழியில்லை. கொலராடோவில் வெட்டியெடுத்த இரண்டு கட்டைகளிலிருந்து மட்டும் 23,000க்கும் மேற்பட்ட வண்டுகள் வெளிவந்தன என்பதைப் படித்தபோதுதான் நோயின் பெயர் எனக்கு முழுதாக விளங்கியது.

அங்கே ஓர் ஆண்டுக்கு இரண்டு, மூன்று தலைமுறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. குளிர்காலத்தைப் பட்டைக்குள் கழித்துவிட்டு, வசந்தத்தில் வெளியே பறந்து, இலையுதிர்காலம் வரை அவை ஓய்வதில்லை. இலையில் முதல் மஞ்சள் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வண்டு மரத்துக்குள் குடியேறியிருக்கும். மஞ்சள் தெரிந்த பிறகு மேற்கில் ஒரு கறுப்பு வால்நட் மரத்துக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு மேல் ஆயுள் இல்லை.

அடையாளம் காண்பது

தென்னை வளர்ப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். சிவப்புக் கூன்வண்டு விழுந்த தென்னையில் குருத்து சாயும்வரை காத்திருந்தால் மரம் போனது போனதுதான். தண்டில் சிறு துளையும் அதிலிருந்து வழியும் பழுப்பு நீரும் மென்று தள்ளிய நாரும் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தண்டில் காதை வைத்துப் புழு கடிக்கும் ஓசையைக் கேட்கும் பெரியவர்களும் உண்டு. வால்நட்டில் அந்த வசதிகள் இல்லை. வழிவதும் இல்லை, கேட்பதும் இல்லை. வண்டு அவ்வளவு சிறியது, புண் அவ்வளவு உள்ளே.

தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். ஜூன், ஜூலையில் மரம் முழு இலையோடு நிற்க வேண்டிய நாளில் தள்ளி நின்று உச்சியைப் பார்க்க வேண்டும். கொண்டையில் இலை அடர்த்தி குறைந்து வானம் தெரிகிறதா? ஒரு கிளையில் மட்டும் இலை மஞ்சளாக, வழக்கத்தைவிடச் சிறுத்து இருக்கிறதா? கோடை நடுவில் திடீரென வாடிப் பழுப்பாகி, ஆனாலும் உதிராமல் கொத்தாகத் தொங்குகிறதா? இந்தக் கடைசி அடையாளத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இயல்பாக உதிரும் இலையை மரமே காம்போடு கழற்றி விடுகிறது. திடீரெனச் செத்த கிளைக்கு அந்த வேலையை முடிக்க நேரம் கிடைப்பதில்லை. நோய் முற்றும்போது கிளைகள் மேலிருந்து கீழாகக் காயும். தண்டிலும் பெருங்கிளையிலும் புதுப் போத்துகள் வெடித்துக் கிளம்பும். அந்தப் பச்சையைப் பார்த்து மரம் தேறுகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மேற்கின் மரங்களில் அது பெரும்பாலும் கடைசி முயற்சி.

இவ்வளவும் சந்தேகத்துக்குத்தான் போதும். இலையை மட்டும் பார்த்து இந்த நோய்க்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது கையருகே. நோயுற்ற கிளையில், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பருமன் உள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். வண்டு மிக மெல்லிய நுனிகளை விரும்புவதில்லை. பட்டையின் மேல் குண்டூசி குத்தியதுபோல் வட்டத் துளைகள் தெரியலாம். கரடுமுரடான பட்டையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அவை கண்ணில் படாமலே போகும். பிசின் வழிவது, பட்டை வெடிப்பது, புண் வீங்குவது போன்றவற்றை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. மேல் பட்டை கடைசிவரை நல்லபடியாகவே இருக்கும். மிக முற்றிய நிலையில்தான் சில மரங்களில் கருங்கறை வெளியே தெரியும்.

மூன்றாவது கத்தி. கூரான கத்தியால் வெளிப்பட்டையை மெல்லிய செதில்களாகச் சீவ வேண்டும். ஒரே வெட்டில் கட்டைவரை இறங்கிவிடுபவர்கள் அதிகம். அப்போது பார்க்க வேண்டிய அடுக்கே கையோடு வந்துவிடும். தொடக்க நிலைப் புண் உள்பட்டையின் மேற்பகுதியிலேயே நின்றிருக்கும், கட்டையைத் தொட்டிருக்காது. நல்ல உள்பட்டை வெளுத்துத் தெரியும். அதன் நடுவே, ஒரு சிறு சுரங்கத்தைச் சுற்றி, நீள்வட்டமாக, பழுப்பிலிருந்து கறுப்பு வரையிலான ஒரு திட்டு இருந்தால் அதுதான் தேடியது. இன்னும் சீவினால் பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் மற்றொன்று. சுரங்கத்துக்குள் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள செம்பழுப்பு வண்டோ, காலில்லாத வெள்ளைப் புழுவோ இருக்கலாம்.

வண்டைக் கண்டதும் உறுதி செய்துவிடுவதும் தவறு. பட்ட மரத்துக்குள் வேறு பல சிறு வண்டுகளும் வந்து குடியிருக்கும். உருப்பெருக்கியின் கீழ் இந்த வண்டின் முன்மார்புக் கவசத்தின் முன்பாதியில் நான்கு முதல் ஆறு வரை வளைவான முகட்டு வரிசைகள் தெரியும். இறக்கை மூடியின் பின்சரிவு தட்டையாக, மயிரின்றி இருக்கும். இதைப் பார்த்துச் சொல்ல பயிற்சி வேண்டும். பூஞ்சையை உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும். இப்போது மரபணுச் சோதனையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மயக்கும் பிற நோய்கள் சில உண்டு. வால்நட்டின் இலைப்புள்ளி நோய் வந்தாலும் இலை மஞ்சளாகி முன்னதாகவே கொட்டும். ஆனால் அதில் இலைமேல் கரும்புள்ளிகள் இருக்கும், தாழ்ந்த கிளைகளும் சேர்ந்து கெடும், சீவிப் பார்த்தால் பட்டை சுத்தமாக இருக்கும். வறட்சியில் வாடும் மரம் பொதுவாகக் கொண்டை முழுவதுமாகத் தளரும். கட்டைக்குள்ளேயே நேராகத் துளைத்துச் செல்லும் அம்புரோசியா வண்டுகள் சில, பல் குத்தும் குச்சிபோல் மரத்தூளை வெளியே தள்ளி நிறுத்தும். மிலாறு வண்டு அப்படிச் செய்யாது, கட்டைக்குள் ஆழமாக இறங்கவும் செய்யாது. இன்னொன்று: கறுப்பு வால்நட் இயல்பாகவே பிற மரங்களுக்கு முந்தி இலையை உதிர்த்துவிடும். செப்டம்பரில் மொட்டையாக நின்ற நல்ல மரத்துக்கு நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பார்க்க வேண்டிய காலம் கோடை நடு.

மாதிரி எடுக்கும்போது முழுக்கச் செத்த கிளையை வெட்டிப் பயனில்லை. செத்ததற்கும் பச்சைக்கும் நடுவே சாகத் தொடங்கிய பகுதிதான் பேசும். ஒரு சாண் நீளத் துண்டுகளை இரண்டு பைக்குள் இறுகக் கட்ட வேண்டும். முதலில் வேளாண் அலுவலரிடம் சொல்லிவிட்டு, பிறகுதான் கிளையை ஊரைவிட்டு நகர்த்த வேண்டும். சோதனைக்காகத் தூக்கிச் சென்ற கிளையே வண்டுக்கு வண்டியாகிவிடும்.

நாக்ஸ்வில்

2010 ஜூலையில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் இந்த நோய் உறுதியானது. மேற்கில் செத்தவை ஊருக்குள் நட்ட மரங்கள். டென்னசியோ கறுப்பு வால்நட்டின் தாய்நாட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து நாலா பக்கமும் காடுகளில் தானாக முளைத்த வால்நட் நிற்கிறது. அடுத்த ஆண்டே வர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் கண்டார்கள். பிறகு ஒகாயோ, வட கரோலினா, மேரிலாந்து, இந்தியானா. நாக்ஸ்வில் மரங்களின் நிலையைப் பார்த்தவர்கள், வண்டு அங்கே வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்று கணித்தார்கள். அதுவரை யாரும் அங்கே பட்டையைச் சீவத் தேவை இருந்திருக்கவில்லை.

எள்ளைவிடச் சிறிய வண்டு நாடு கடந்து போனது தன் இறக்கையால் அல்ல. பட்டையோடு விற்ற கட்டை, விறகு, மரவேலைக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கிய பலகை ஆகியவற்றின் வழியாகத்தான் அவ்வளவு தூரம் போயிருக்க முடியும். வெட்டிக் கிடக்கும் கட்டையிலும் பட்டை இருக்கும்வரை வண்டு பெருகும். அதனால் மாநிலங்கள் பட்டையுள்ள வால்நட் கட்டைக்குத் தடை போட்டன. பட்டையை முழுதாக உரித்த பலகைக்குத் தடை இருக்கவில்லை. நோய் வைரத்தைத் தொடுவதே இல்லை. பட்டையோடு அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், பட்டைக்கு அடியிலுள்ள வெளிமரத்தில் 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 40 நிமிடம் நிற்கும்படி சூடேற்றினால் வண்டும் பூஞ்சையும் அழிகின்றன என்று சோதனைகள் காட்டின. நான்கு புனல்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய பொறியில், ஆண் வண்டின் மணத்தைச் செயற்கையாக வைத்துக் கண்காணிக்கும் முறையும் வந்தது. மரத்தில் எந்த அறிகுறியும் தெரியாத இடங்களில் வண்டு இருக்கிறதா என்று அறிய அதுவே நல்ல வழி. ஆனாலும் பொறியில் வண்டு விழாததால் ஊரில் வண்டே இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

மருந்து இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் பறந்துகொண்டே இருக்கும் வண்டைத் தெளித்துக் கட்டுப்படுத்த முடியவில்லை. பட்டைக்குள் சிதறிக் கிடக்கும் புண்களைப் பூஞ்சைக்கொல்லி போய்ச் சேர்வதில்லை. முற்றிய மரத்தை வெட்டி, பட்டையோடு எரிப்பதோ புதைப்பதோ தவிர வேறு வழியில்லை என்பதே மேற்கின் அனுபவம்.

அதனால் கிழக்கின் காடுகள் மொத்தமாகப் போய்விடும் என்று அஞ்சினார்கள். அப்படி நடக்கவில்லை. வர்ஜீனியாவிலும் டென்னசியிலும் கிளை காய்ந்து நோயாளியாகக் குறிக்கப்பட்ட மரங்களை ஆண்டுதோறும் பார்த்து வந்தபோது, பல மரங்கள் சாகாமல் நின்றன. சில மரங்களின் கொண்டை மறுபடி அடர்ந்தது. பொறிகளில் விழும் வண்டுகளும் குறைந்தன. நல்ல மழை, ஈரக்காற்று, சொந்த மண்ணில் நிற்கும் மரத்தின் வலு, பட்டைக்குள் போட்டியிடும் பிற பூஞ்சைகள், வண்டைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள்.

அப்படியென்றால் கொலராடோவில் வறட்சி என்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. வறட்சி மரத்தைத் தளர்த்தியிருக்கலாம். அந்தத் தளர்ச்சியில்தான் வண்டும் பூஞ்சையும் வென்றன. அவர்கள் செய்த பிழை, முதல் காரணத்தோடு நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றினால் தேறிவிடும் என்று காத்திருந்த அந்த ஆண்டுகளில், வெட்டாமல் விட்ட மரங்களும் முற்றத்தில் அடுக்கிய விறகும் பக்கத்துத் தெருவுக்கு வண்டை அனுப்பிக்கொண்டிருந்தன.

கடல் கடந்து

2013இல் இத்தாலியின் வடகிழக்கே விசென்சா மாகாணத்தில் வண்டும் பூஞ்சையும் சேர்ந்தே கிடைத்தன. ஐரோப்பாவில் அதுதான் முதல் முறை. அங்கே கறுப்பு வால்நட்டோடு பாரசீக வால்நட்டிலும் புண்கள் இருந்தன. பாரசீக வால்நட் கறுப்பு இனத்தைவிடத் தாங்கும் தன்மை உள்ளது. ஆனாலும் நோய் அதை விட்டுவைப்பதில்லை. கலிபோர்னியாவின் தோப்புகளிலும் இது தெரிந்ததே.

2022இல் பிரான்சின் லியோன் நகரில் கண்டறிந்தார்கள். லியோனுக்குத் தென்கிழக்கே, வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள், கிரெனோபிள் வால்நட் விளையும் ஐசேர் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஊர்ப்பெயராலேயே பாதுகாக்கப்பட்ட பருப்பு அது. அங்கே தோப்பு வைத்திருப்பவர் ஜூலையில் மரத்தடியில் நின்று உச்சியைப் பார்க்கும்போது, ஒரே ஒரு கிளையில் இலை மஞ்சளாகத் தெரிந்தால், அந்த ஆண்டு மழை எவ்வளவு என்று யோசிப்பதற்கு முன் ஏணியும் கத்தியும் எடுக்க வேண்டும்.